நின்னுபோன பாசஞ்சர் வண்டிய திரும்ப ஓட வைக்கணுமா? கடலூர்லேர்ந்து சொல்றேன்

கடலூர்லேர்ந்து பாண்டிக்கு பஸ்ல போனா 25 கி.மீ தான் வரும். அதே பாண்டிக்கு ரயில்ல போகணும்னா திருப்பாப்புலியூர்ல ஏறி பண்ருட்டி வழியா விழுப்புரம் போயி, அங்க எறங்கி வேற வண்டி மாறி, வளவனூர், சின்னபாபுசமுத்திரம், வில்லியனூர்னு இன்னும் 38 கி.மீ போகணும். விழுப்புரம் பாண்டி லைன் போட்டது 1879ல, பிரெஞ்சுக்காரன் இருந்த காலத்துல. இத்தன வருஷமா தண்டவாளம் இருக்குற ஊருலயே நமக்கு தேவையான நேரத்துக்கு வண்டி இல்லன்னா எவ்ளோ வயித்தெரிச்சலா இருக்கும்னு இந்தப் பக்கம் இருக்குறவங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல.

நான் ரயில்வேல வேல பாக்குற ஆளு இல்ல, ஓ.டி. (ஓல்டு டவுன், அதான் கடலூர் முதுநகர்) பக்கம் மளிகைக்கடை வச்சிருக்கேன். எங்க பக்கத்து சின்ன ஸ்டேஷன்ல நின்னுக்கிட்டிருந்த வண்டி கொரோனாவுக்கு அப்புறம் நிக்காம போனதுலேர்ந்து மனு எழுதறதும் அலையறதுமா கொஞ்ச வருஷம் போச்சு. அதுல கத்துக்கிட்டத இங்க எழுதறேன், பண்ருட்டிக்காரங்க, குறிஞ்சிப்பாடிக்காரங்க, பாண்டி பக்கத்து ஆளுங்க யாருக்கு வேணாலும் உதவும்.

மொதல்ல ஒண்ணு புரிஞ்சிக்கணும். "எங்க ஊருக்கு ரயில் வேணும்"னு எழுதுனா அத வச்சி யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது. அந்த மனு போற மேஜைல உக்காந்திருக்குற அதிகாரி நல்ல மனுஷனாவே இருந்தாலும், எந்த ரேக்க (பெட்டிங்க செட்ட) எடுத்து, எந்த நேரத்துல, எங்கேர்ந்து எங்க ஓட்டறதுன்னு அவரா உக்காந்து யோசிச்சி எழுத மாட்டாரு, அத நாம யோசிச்சி எழுதிக் குடுக்கணும். இத புரிஞ்சிக்கவே எனக்கு ரெண்டு வருஷம் ஆச்சு.

கோரிக்கைல நாலு வகை இருக்கு, நாலையும் ஒரே பேப்பர்ல எழுதாதீங்க. ஏற்கனவே ஓடுற வண்டி நம்ம ஸ்டேஷன்ல நிக்கணும்ங்கறது ஒண்ணு. ஓடுற வண்டிய நம்ம ஊர் வரைக்கும் நீட்டிக்கணும்ங்கறது ரெண்டாவது. புதுசா ஒரு பாசஞ்சரோ மெமுவோ (கரண்டுல ஓடுற லோக்கல் வண்டி) விடணும்ங்கறது மூணாவது. புது லைனே போடணும்ங்கறது நாலாவது. சென்னைலேர்ந்து மகாபலிபுரம், பாண்டி வழியா கடலூருக்கு சுமார் 180 கி.மீ கிழக்குக் கடற்கரை ரயில் பாதைன்னு சின்ன வயசுலேர்ந்து கேட்டுக்கிட்டே வளந்த பசங்க இன்னிக்கி வேலைக்கே போயிட்டாங்க, பட்ஜெட்டுல அதுக்கு ஆயிரம் ரூபா ஒதுக்குன வருஷமெல்லாம் இருக்கு, ஆயிரம் கோடி இல்லங்க, வெறும் ஆயிரம் ரூபா, கணக்குல திட்டம் உயிரோட இருக்குன்னு காட்டறதுக்கு. அந்த லைன் வந்தா பாண்டி கடலூர் நேரா இணையும், அதுக்காக கேக்கத்தான் வேணும், ஆனா அது எம்.பி., மாநில அரசு, டெல்லின்னு வேற ஒரு நீளமான சண்டை. புது லைன்னா சர்வே எடுத்து, போட்ட பணத்துக்கு எவ்ளோ வருமானம் திரும்ப வரும்னு கணக்கு போடுவாங்க, ரொம்ப வருஷமா அதுக்கு 14 சதவீதம்னு ஒரு கோடு வச்சிருந்தாங்க. அத நம்ம ஸ்டேஷன் ஸ்டாப்பிங் மனுவோட சேத்து எழுதுனா பெரிசு நடக்காத சாக்குல சிறுசும் கெடப்புல போயிடும்.

இருக்குற லைன்ல என்ன கேக்க முடியும்னு பாருங்க. நம்ம பக்கம் விழுப்புரம் மாயவரம் லைன் மீட்டர்கேஜா இருந்து, 2006 கடைசில மூடுனாங்க, 2010ல தான் அகலப்பாதையா தொறந்தாங்க. அந்த மூணு வருஷத்துக்கு மேல ரயிலே இல்லாம இருந்ததுல நெறைய பேரு பஸ்ஸுக்கு பழகிட்டாங்க. அது பத்தாதுன்னு 2020 மார்ச்சுல எல்லா வண்டியும் நின்னு, திரும்ப வந்தப்ப பாசஞ்சருக்கும் எக்ஸ்பிரஸ் கட்டணம் போட்டு 10 ரூபா டிக்கெட் 30 ரூபா ஆச்சு, 2024 பிப்ரவரி கடைசில தான் மறுபடி 10 ரூபாய்க்கு வந்துது. ஜனங்க வரலன்னு சொல்றதுக்கு முன்னாடி இதெல்லாம் நடந்துருக்குங்கறத மனுல ரெண்டு வரில எழுதுங்க, கோவமா எழுத வேணாம், வருஷத்தோட எழுதுனா போதும்.

இப்ப வேலைக்கு வருவோம். மொதல் வேல, ஆளுங்கள எண்ணறது.

இதுக்கு ஒரு நோட்டு, ரெண்டு பேரு, அஞ்சு நாள் போதும். திங்கள்லேர்ந்து வெள்ளி வரைக்கும், திருவிழா, ஸ்கூல் லீவு இல்லாத வாரமா பாத்து, ஸ்டேஷன்ல இல்ல, பஸ் ஸ்டாப்புல நில்லுங்க. ரயில் இல்லாத ஊர்ல ரயில்ல வர வேண்டிய ஆளு பஸ் ஸ்டாப்புல தான நிப்பாரு. யாரு, எந்த ஊருக்கு, எத்தன மணிக்கு அங்க போய் சேரணும், திரும்பி எத்தன மணிக்கு, இந்த நாலும் போதும், பேரு நம்பரெல்லாம் கேக்காதீங்க, கேட்டா பேச மாட்டாங்க. நான் ஓ.டி.ல எண்ணறப்ப மீன் அன்னக்கூடையோட ஒரு அக்கா நின்னாங்க, கூடைக்கு மேல ஈரச்சாக்கு, கீழ தண்ணி சொட்டி செருப்பெல்லாம் நனைஞ்சிருக்கு. "யக்கா, காலைல வண்டி இருக்கே, அதுல போவ மாட்டீங்களா"ன்னு கேட்டேன். "இன்னா தம்பி பேசற, வண்டி வர்றப்ப மீனு வரல, மீனு வர்றப்ப வண்டி இல்ல"ன்னாங்க. ஏலம் முடிஞ்சி, ஐஸ் போட்டு, கூடைய தூக்கிக்கிட்டு வெளில வர அவங்களுக்கு ஆறேகால் ஆயிடுது. அதுக்கு முன்னாடி போற வண்டி அவங்களுக்கு வண்டியே இல்ல.

அதுவரைக்கும் நான் எழுதுன மனுல எல்லாம் "காலையில் ஒரு ரயில்"னு தான் இருந்துது. அன்னிக்கி சாயந்தரமே அத "6.30 மணிக்கு மேல் 7.00 மணிக்குள்"னு மாத்துனேன். நேரம் தான் எல்லாம். ஜிப்மர் போறவங்க ஓ.பி. சீட்டுக்கு காலைலயே அங்க இருக்கணும், அண்ணாமலை பல்கலைக்கழகத்துக்கு சிதம்பரம் போற பசங்களுக்கு ஒரு நேரம், நெய்வேலி ஷிப்டுக்கு ஒரு நேரம், பண்ருட்டில பலாப்பழ சீசன்ல மண்டிக்கு போறவங்களுக்கு வேற நேரம். எல்லாருக்கும் ஒரே வண்டில தீர்வு கெடைக்காது, எந்த நேரத்துல ஆளு அதிகம்னு நோட்டு சொல்லும், அந்த ஒண்ண மட்டும் கேளுங்க.

ரெண்டாவது வேல ரேக் தேடறது. ரேக்னா ஒரு வண்டியோட மொத்தப் பெட்டிங்க செட்டு. புதுசா ரேக் குடுங்கன்னு கேட்டா "ரேக் பற்றாக்குறை"ன்னு ஒரே வரில பதில் வந்துடும். அதனால ஏற்கனவே இருக்குற எந்த ரேக் எந்த ஸ்டேஷன்ல எத்தன மணி நேரம் சும்மா நிக்குதுன்னு பாருங்க. இதுக்கு நம்ம ஊர்லயே நல்ல உதாரணம் இருக்கு: மைசூர் மாயவரம் எக்ஸ்பிரஸ் காலைல மாயவரம் வந்து சேந்தா சாயந்தரம் தான் திரும்பும், பகல் முழுக்க நிக்கிற அந்த ரேக்க கடலூர் துறைமுகம் ஜங்ஷன் வரைக்கும் நீட்டிச்சா என்னன்னு ரொம்ப வருஷமா கேட்டுக்கிட்டிருந்தாங்க, 2024ல நீட்டிச்சாங்க. புதுப் பெட்டி ஒண்ணு கூட வாங்கல, நின்ன வண்டி நகந்துது, சிதம்பரம் கடலூர் ஆளுங்களுக்கு பெங்களூரு மைசூருக்கு நேரடி வண்டி கெடச்சிது. இந்த மாதிரி ஒண்ண நீங்க கண்டுபிடிச்சிட்டீங்கன்னா பாதி வேல முடிஞ்சிது.

எப்படி கண்டுபிடிக்கறதுன்னா, டைம்டேபிள்ல வர்ற வண்டி நேரம், போற வண்டி நேரம் ரெண்டையும் பக்கத்து பக்கத்துல எழுதி, நடுவுல எவ்ளோ இடைவெளின்னு பாக்கணும். விழுப்புரம், பாண்டி, விருத்தாசலம், மாயவரம், கடலூர் துறைமுகம் இந்த அஞ்சு எடத்துக்கும் பாருங்க. ஒரு வண்டி வந்து நாலு அஞ்சு மணி நேரம் கழிச்சி தான் கெளம்புதுன்னா அதுல ஒரு ட்ரிப்பு அடிக்க முடியுமான்னு யோசிக்கலாம். ஆனா எல்லா இடைவெளியும் சும்மா நிக்கிற நேரம் இல்ல, கழுவணும், தண்ணி ரொப்பணும், செக் பண்ணணும், அதுக்கு பிட் லைனுக்கு போகும். அத விட்டுட்டு மிச்சத்த கேளுங்க.

மூணாவது, வழி இருக்கான்னு பாக்கறது. இது கொஞ்சம் பொறுமையா பண்ண வேண்டியது, ஆனா இத பண்ணுனா மனுவ தூக்கிப்போட மாட்டாங்க. நம்ம லைன் எல்லாம் ஒத்தைத் தண்டவாளம். எதிர்ல வர்ற வண்டி ஒரு ஸ்டேஷன்ல ஒதுங்குனா தான் இந்த வண்டி போக முடியும், கிராசிங்னு சொல்றது அதுதான். சின்ன ஹால்ட்டுல வண்டி ஒதுங்கற லூப் லைன் இருக்காது, அங்க கிராசிங் போட முடியாது. அதனால ஒரு கிராப் நோட்டு வாங்கிக்கோங்க. ஸ்கூல் பசங்களோடது போதும், நான் என் அக்கா பையனோடத தான் எடுத்தேன். படுக்கை கோட்டுல நேரம், காலை 4 மணிலேர்ந்து 10 மணி வரைக்கும், அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு கட்டம். நிமிந்த கோட்டுல ஸ்டேஷன்: விழுப்புரம், பண்ருட்டி, நெல்லிக்குப்பம், திருப்பாப்புலியூர், கடலூர் துறைமுகம், ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை, சிதம்பரம், எவ்ளோ தூரமோ அதுக்கேத்த இடைவெளி விட்டு. ஒவ்வொரு வண்டியும் எந்த ஸ்டேஷன்ல எத்தன மணிக்குன்னு புள்ளி வச்சி கோடு இழுத்தா ஒரு பக்கம் சரியுற கோடெல்லாம் போற வண்டி, மறு பக்கம் சரியுறது வர்ற வண்டி. ரெண்டு கோடு வெட்டிக்கிற எடம் எல்லாமே ஏதோ ஒரு ஸ்டேஷன்ல தான் இருக்கும், நடுவழில இருக்காது, அத மொத தடவ பாத்தப்ப எனக்கு ஒரு நிமிஷம் அப்படியே சிலிர்த்துது. வெள்ளையா கெடக்குற எடத்துல உங்க வண்டிக்கு ஒரு கோடு இழுத்து பாருங்க, எதாவது ஒரு கோட்ட நடுவழில வெட்டுதுன்னா பத்து நிமிஷம் முன்ன பின்ன தள்ளுங்க. கூட்ஸ் வண்டி இந்த கிராப்ல வராது, அதனால நீங்க இழுத்த கோடு அப்படியே நடக்கும்னு எதிர்பாக்காதீங்க, ஆனா "6.40க்கு கெளம்புனா இன்ன ஸ்டேஷன்ல இன்ன வண்டியோட கிராசிங் வரும்"னு எழுதுனா படிக்கிறவரு நிமிந்து உக்காருவாரு.

நாலாவது தகவல் உரிமைச் சட்டம். 2005 சட்டம், கட்டணம் 10 ரூபா, ஆன்லைன்லயே போடலாம், 30 நாள்ல பதில் தரணும், தரலன்னா மொதல் மேல்முறையீடு. கடலூர், பாண்டி ரெண்டுமே திருச்சி கோட்டத்துல வருது, அதனால அந்தக் கோட்டத்து பொதுத் தகவல் அலுவலருக்கு. "ஏன் ரயில் விடவில்லை"ன்னு கேக்காதீங்க, ஏன் எதுக்குன்னு கேட்டா அது தகவல் இல்லன்னு திருப்பி அனுப்பிடுவாங்க. இப்படி கேளுங்க: இன்ன ஸ்டேஷன்ல கடந்த மூணு வருஷத்துல மாசாமாசம் வித்த முன்பதிவில்லா டிக்கெட் எத்தன, வருமானம் எவ்ளோ, சீசன் டிக்கெட் எத்தன, இன்ன மெமு ரேக்கோட லிங்க் என்ன. லிங்க்னா அந்த ரேக் ஒரு நாள்ல எந்தெந்த வண்டியா ஓடுதுங்கற அட்டவணை. கேக்கறது ஒவ்வொண்ணும் ஒரு பதிவேட்டுல இருக்குற விஷயமா இருக்கணும்.

இத்தனையும் கைல வந்த அப்புறம் தான் மனு. ஒரு பக்கம், அதுக்கு மேல வேணாம். நான் கடைசியா எழுதுனது கிட்டத்தட்ட இப்படி இருந்துது, உங்க ஊர் விவரத்த போட்டுக்கோங்க:

"கடலூர் துறைமுகம் சந்திப்பிலிருந்து விருத்தாசலத்திற்கு காலை 6.30 முதல் 7.00 மணிக்குள் புறப்படும் ஒரு மெமு சேவை வேண்டுகிறோம். குறிஞ்சிப்பாடி, வடலூர், நெய்வேலி நிலையங்களில் நின்று செல்ல வேண்டும். இந்த நேரத்தில் இத்தடத்தில் பேருந்தில் செல்வோர் எண்ணிக்கை, ஐந்து வேலை நாட்கள் எடுத்தது, இணைப்பு 1. இச்சேவைக்குப் பயன்படுத்தக்கூடிய ரேக்கும் அது நிற்கும் நேரமும் இணைப்பு 2. எதிர்வண்டிகளுடன் கிராசிங் வரும் நிலையங்கள் இணைப்பு 3. கூடுதல் ரேக் தேவைப்படாது."

அவ்ளோதான். "ஆவன செய்யுமாறு பணிவுடன்"னு நாலு வரி எழுதறதுக்கு பதிலா அந்த எடத்துல நேரமும் ஸ்டேஷன் பேரும் போடுங்க.

யாருக்கு அனுப்பறதுன்னா, கோட்ட ரயில்வே மேலாளருக்கு ஒண்ணு, அவருக்கு கீழ வணிகப் பிரிவுக்கு ஒரு நகல், ஆபரேட்டிங் பிரிவுக்கு ஒரு நகல். இந்த ரெண்டு நகல் ரொம்ப முக்கியம். ஆளு வருமா, காசு வருமான்னு பாக்கறது வணிகம், வழி இருக்கா, ரேக் இருக்கான்னு பாக்கறது ஆபரேட்டிங், ஒண்ணு சரின்னு சொல்லி இன்னொண்ணு சொல்லாம விட்டா அங்கயே நின்னுடும். கோட்டத்துலேர்ந்து சென்னை தெற்கு ரயில்வே தலைமையகம், அங்கேர்ந்து டெல்லி ரயில்வே போர்டு. எக்ஸ்பிரஸ் ஸ்டாப்பிங், நீட்டிப்பெல்லாம் போர்டு வரைக்கும் போகணும். கொடுத்த மனுக்கு டைரி நம்பர் வாங்காம வராதீங்க. நான் ஒரு ஆபீஸ்ல 400 கையெழுத்தோட கொடுத்த மனு எட்டு மாசம் கழிச்சி கேட்டா வரவே இல்லன்னுட்டாங்க, எங்கிட்ட சீல் வச்ச நகலும் இல்ல, ஒண்ணும் பேச முடியல. வயசானவங்க திண்ணைல உக்காந்து நடுங்குற கைல போட்ட கையெழுத்து அது. அதுலேர்ந்து ரெண்டு காப்பி எடுத்துட்டு போயி ஒண்ணுல சீல், தேதி, நம்பர் போட்டு வாங்கிட்டு தான் வெளில வருவேன்.

கையெழுத்த விட தீர்மானத்துக்கு மதிப்பு ஜாஸ்தி. கிராமசபை வருஷத்துல ஆறு தடவ நடக்குது, ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. லைன் ஓரம் இருக்குற நாலு பஞ்சாயத்துலயும் ஒரே நாள்ல ஒரே வாசகத்துல தீர்மானம் போட்டு, சான்றிட்ட நகல் வாங்கி மனுவோட சேருங்க. பண்ருட்டி, நெல்லிக்குப்பம், வடலூர் மாதிரி எடத்துல நகராட்சி மன்றத்துல போடச் சொல்லணும், கடலூர் 2021லேர்ந்து மாநகராட்சி. பாண்டி பக்கம் உள்ளாட்சித் தேர்தல் பல வருஷமா நடக்காததால அங்க எம்.எல்.ஏ. கடிதம், வியாபாரிகள் சங்கத் தீர்மானம்னு தான் போகணும்.

எம்.பி.கிட்ட போறப்ப வெறுங்கையோட போகாதீங்க. அந்த ஒரு பக்க மனுவையும், நாடாளுமன்றத்துல கேக்கறதுக்கு ஏத்த மாதிரி ரெண்டு கேள்வியும் தனித்தனியா எழுதி எடுத்துட்டு போங்க. தெற்கு ரயில்வே பொது மேலாளர் எம்.பி.க்கள் கூட்டம் நடத்துவாரு, அதுக்கு முன்னாடி நம்ம எம்.பி. கைல சேந்துடணும். கடலூர், சிதம்பரம், விழுப்புரம், புதுச்சேரி நாலு தொகுதி எம்.பி.யும் ஒரே வண்டிய, ஒரே நேரத்த கேட்டா அதோட வலுவே வேற. கோட்ட அளவுலயும் மண்டல அளவுலயும் ரயில் உபயோகிப்பாளர் ஆலோசனைக் குழு இருக்கு, உங்க பக்கத்து உறுப்பினர் யாருன்னு கண்டுபிடிச்சி கூட்டத்துக்கு முன்னாடி அஜெண்டால ஏத்தச் சொல்லுங்க, கூட்டத்துல வாய்ல சொன்னா குறிப்புல வராது. டைம்டேபிளும் மாறிட்டு வருது, முன்னல்லாம் ஜூலை 1 புதுசு வரும், 2025ல ஜனவரி 1லேர்ந்து வந்துது. புது வண்டி யோசனையெல்லாம் அதுக்கு பல மாசம் முன்னாடியே மண்டலங்கள் உக்காந்து பேசி முடிச்சிடுவாங்க, அதனால நவம்பர் டிசம்பர்ல மனு கொடுத்தா ஒரு வருஷம் போச்சு.

தினசரி வண்டி கெடைக்காதுன்னு தோணுனா ஸ்பெஷல்லேர்ந்து ஆரம்பிக்கலாம். திருவண்ணாமலை பௌர்ணமிக்கு விழுப்புரத்துலேர்ந்து ஸ்பெஷல் விடறாங்கல்ல, அது மாதிரி வடலூர் தைப்பூசத்துக்கு, மாசப் பூசத்துக்கு, சிதம்பரம் தரிசனத்துக்கு கேளுங்க. ஸ்பெஷல் ஓடுன அன்னிக்கி வித்த டிக்கெட் எண்ணிக்கை ரயில்வேயோட சொந்தக் கணக்குலயே ஏறிடும், நம்ம நோட்ட விட அதுக்கு தான் மதிப்பு.

கடைசியா ஒண்ணு, இத தான் எல்லாரும் விட்டுடறாங்க. ஸ்டாப்பிங் கெடச்சா அது பெரும்பாலும் ஆறு மாச சோதனை அடிப்படைல தான் வரும். மொத நாள் மாலை போட்டு, தேங்கா ஒடச்சி, டிரைவருக்கு சால்வை போத்தி போட்டோ எடுத்துட்டு, ரெண்டாவது வாரம் எல்லாரும் பைக்ல போயிடறாங்க. அந்த ஆறு மாசமும் எண்ணறது டிக்கெட்ட மட்டும் தான், பிளாட்பாரத்துல நிக்கிற ஆள இல்ல. அதனால உங்க ஸ்டேஷன் பேருல டிக்கெட் எடுங்க. எங்க ஊருக்கு வர்றவரு சிதம்பரம் மாதிரி பெரிய ஸ்டேஷன் பேருல எடுத்துட்டு நடுவுல எங்க ஊர்ல எறங்குனா அந்தக் கணக்கு எங்க ஊருக்கு வராது, அவருக்கு தெரியாது, பாவம், நாம தான் சொல்லணும். தினமும் போறவங்கள சீசன் டிக்கெட் எடுக்க வைங்க, உங்க ஸ்டேஷன்லேர்ந்து ஆரம்பிக்கிற மாதிரி. காலேஜ் பசங்களுக்கு கன்செஷன் சீசன் இருக்கு, பாரம் எடுத்துட்டு போற வியாபாரிங்களுக்கும் தனி சீசன் இருக்கு, அன்னக்கூடை அக்காக்கு அத சொல்லி வாங்கி குடுக்கறது ஒரு நாள் வேல, கண்டிப்பா செய்ங்க. டீக்கடைல ஒரு சிலேட்டு மாட்டி "இந்த மாசம் நம்ம ஸ்டேஷன்ல இத்தன டிக்கெட்"னு எழுதி வைங்க, மூணு மாசத்துக்கு ஒருக்கா தகவல் உரிமைல கேட்டு சரி பாத்துக்கோங்க, கொறஞ்சிதுன்னா வீடு வீடா போயி கேளுங்க, நேரம் ஒத்து வரலன்னு பத்து பேரு சொன்னா சோதனை முடியறதுக்கு முன்னாடியே நேரத்த மாத்தச் சொல்லி அடுத்த மனு போட்டுடுங்க.

ஆரம்பிக்கறவங்க வர்ற திங்கக்கெழமையே ஆரம்பிங்க. காலை அஞ்சே முக்காலுக்கு பஸ் ஸ்டாப்புல ரெண்டு பேரு, ஒரு நோட்டு, ரெண்டு பேனா. கிராப் போடத் தெரியலன்னா ஓ.டி. வந்தா நானே சொல்லித் தரேன், மத்தியானம் ரெண்டுலேர்ந்து நாலு மணி வரைக்கும் கடைல கூட்டம் இருக்காது.